தாளில் எழுதிய ஆட்சிகள் – 9: பத்து வெள்ளியில் ஒரு வாழைமரம்

பிரெஞ்சுப் புரட்சி அரசு அச்சடித்த அசிஞா நோட்டுகளின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கடைசியில் அவை செல்லாக்காசாகி, அச்சுத் தகடுகளையே நடுத்தெருவில் போட்டு எரிக்கும்படி ஆனது. ஆனால் பிறந்த நாளில் அவற்றுக்குப் பின்னால் ஒரு சொத்து இருந்தது: திருச்சபையிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட நிலம். இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் நோட்டுக்கு அப்படி ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. தங்கம் இல்லை, அயல்நாட்டில் இருப்பு இல்லை, எண்ணி வாங்கிய வரிப் பணம் இல்லை. அதில் இருந்ததெல்லாம் ஒரு வாழைமரம்.

1942 முதல் 1945 வரை மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்ட ஜப்பானிய இராணுவம் புழங்கவிட்ட பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழை நின்றது. அதைக்கொண்டே அந்த வரிசை முழுவதையும் ‘வாழைமர நோட்டு’ என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். மலாய்க்காரர்களுக்கு அது ‘டுயிட் பீசாங்’. பால்மரக் காட்டுத் தமிழர்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளில் பசிக்கும் பயத்துக்கும் அடுத்தபடியாக வருவது இந்த நோட்டுதான்.

போருக்கு முன்பே தயாரான பணம்

ஜப்பானியர் வருவதற்கு முன் மலாயாவில் புழங்கிய வெள்ளி, உலகின் உறுதியான நாணயங்களில் ஒன்று. 1906ஆம் ஆண்டிலிருந்து அதன் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். அதாவது அறுபது வெள்ளிக்கு ஏழு பவுண்டு. நாணய ஆணையர்கள் வெளியிட்ட நோட்டுகளுக்கு ஈடாக லண்டனில் பவுண்டுக் கடன் பத்திரங்கள் இருந்தன. காலனி அரசு நினைத்த மாத்திரத்தில் அச்சடித்துச் செலவழித்துவிட முடியாது. அடிமை நாட்டின் நாணயம்தான் என்றாலும் அடிமைக்குக் கிடைத்த கூலி கரைந்துபோகாத நாணயம். தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் மாதாமாதம் மிச்சம்பிடித்து ஊருக்கு மணியார்டர் அனுப்ப முடிந்ததற்கு இந்த உறுதியே காரணம்.

1941 டிசம்பர் 8 அதிகாலை கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது. எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15 அன்று, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல், ஜப்பானிய ஜெனரல் யமாஷித்தாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்தார். சிங்கப்பூருக்கு ‘சியோனான்’ என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

வந்த படை வெறுங்கையோடு வரவில்லை. தென்கிழக்காசியாவுக்கான நோட்டுகளை ஜப்பான் போர் தொடங்குவதற்கு முன்பே அச்சடித்து வைத்திருந்தது. மலாயாவுக்கு டாலர், பர்மாவுக்கு ரூபாய், பிலிப்பைன்ஸுக்குப் பேசோ, டச்சு இந்தியத் தீவுகளுக்குக் கில்டர், பசிபிக் தீவுகளுக்குப் பவுண்டு. ஒவ்வொன்றின் மேலும் நாட்டைக் குறிக்க ஆங்கில எழுத்து ஒன்று: மலாயாவுக்கு எம், பர்மாவுக்குப் பி என்று. எந்த நாட்டை எப்போது பிடிப்போம் என்று தெரியாத காலத்திலேயே, பிடித்த பிறகு அங்கே எதை விலை கொடுத்து வாங்குவது என்பது முடிவாகியிருந்தது.

தன் சொந்த யென்னையே ஏன் கொண்டுவரவில்லை? யென் வெளியே தாராளமாகப் புழங்கினால் ஒருநாள் அது தாய்நாட்டுக்குத் திரும்பும். அங்கே விலைவாசியை ஏற்றிவிடும். உள்ளூர்ப் பெயரில் நோட்டு அடித்தால் விலையேற்றமும் உள்ளூரிலேயே நின்றுகொள்ளும். டோக்கியோவில் உட்கார்ந்து இந்தத் திட்டத்தைப் போட்டவர்களுக்குப் பணம் என்றால் என்ன என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

முகமில்லாத நோட்டு

போருக்கு முந்தைய நோட்டுகளில் பிரிட்டிஷ் மன்னரின் தலை இருந்தது. புதிய நோட்டுகளில் யாருடைய தலையும் இல்லை. ஜப்பானியச் சக்கரவர்த்தி இல்லை, தளபதி இல்லை, உள்ளூர்த் தலைவரும் இல்லை. ஒரு வெள்ளியில் கறிப்பலா மரம், ஐந்து வெள்ளியில் தென்னையும் பப்பாளியும், பத்து வெள்ளியில் வாழை, நூறு வெள்ளியில் தென்னைமரத்தடியில் அத்தாப்பு ஓலைக் குடிசை. கடைசிக் காலத்தில் வந்த ஆயிரம் வெள்ளியில் மாட்டு வண்டி. பார்த்தால் வளமான நாடு. அந்த மரங்களுக்குச் சொந்தக்காரர்கள் காய்ந்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது அவர்கள் கையில் இருந்த நோட்டில் பழம் தொங்கியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மூன்றரை ஆண்டு அச்சடித்துக் காட்டினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி, கடைப் பலகையில் ஜப்பானிய மொழி, ஆங்கிலம் எதிரியின் மொழி என்று முழங்கிய ஆட்சி, தன் நோட்டில் மட்டும் ஆங்கிலத்தில் பேசியது. கேட்டவுடன் இதைக் கொண்டுவருபவருக்குப் பத்து டாலர் தருவதாக ஜப்பானிய அரசு உறுதியளிக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. தோற்றுப்போன பிரிட்டிஷ்காரனின் நோட்டு எந்தத் தோரணையில் பேசுமோ அதே தோரணை. மக்கள் நம்பிப் பழகிய வாசகத்தை இரவல் வாங்காமல் புதுத்தாளை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் எந்தப் பத்து டாலர்? எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது? அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை.

ஆரம்பத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. சீக்கிரமே அதுவும் போயிற்று. எழுத்துகள் மட்டும் நின்றன. எண் இல்லை என்றால் எத்தனை அடித்தோம் என்று வெளியே யாரும் எண்ண முடியாது. காகிதமும் மையும் மாதத்துக்கு மாதம் தரம் இறங்கின. கள்ளநோட்டு அடிப்பவருக்கு இதைவிட வசதி வேண்டுமா? நல்ல நோட்டுக்கும் கள்ள நோட்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதே வீண் வேலையாகிவிட்டது.

ஐந்து கோடி ‘காணிக்கை’

புதிய நோட்டு ஒரு வெள்ளிக்குப் பழைய நோட்டு ஒரு வெள்ளி, ஒரு யென்னுக்கும் அதே ஒரு வெள்ளி என்று இராணுவம் அறிவித்தது. இரண்டும் ஒரே விலை என்றால் எதைச் செலவழிப்பீர்கள், எதைப் பெட்டியில் வைப்பீர்கள்? மக்களும் அப்படித்தான் செய்தார்கள். மன்னர் தலை போட்ட நோட்டு தலையணைக்குள்ளும் தகரப் பெட்டிக்குள்ளும் போய்விட்டது. உலோகச் சில்லறைகளும் கண்ணிலிருந்து மறைந்தன.

பழைய நோட்டை வெளியே கொண்டுவர இராணுவம் கையாண்ட வழிகளில் மிகக் கொடியது சீனர்கள் மேல் விழுந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த சில வாரங்களுக்குள் ‘சூக் சிங்’ என்ற களையெடுப்பில் ஆயிரக்கணக்கான சீன ஆண்களைக் கடற்கரைகளில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள் மலாயாச் சீனர்கள் ஐந்து கோடி வெள்ளி ‘காணிக்கை’ தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட சீனாவுக்கு நிதி திரட்டிக் கொடுத்ததற்குப் பிராயச்சித்தமாம். வயதான மருத்துவரும் சமூகத் தலைவருமான லிம் பூன் கெங்கை முன்னால் நிறுத்தி ஒரு சங்கம் அமைத்து, அதன் வழியாக வசூல் நடத்தினார்கள்.

சொத்தை விற்றும் நகையை விற்றும் சேர்த்த பிறகும் 2 கோடியே 80 லட்சத்துக்கு மேல் போகவில்லை. மீதி 2 கோடியே 20 லட்சத்தைக் கடனாகக் கொடுத்தது எது தெரியுமா? ஜப்பானின் சொந்த யோக்கோஹாமா ஸ்பீசி வங்கி. 1942 ஜூனில் முழுத்தொகையும் யமாஷித்தாவிடம் போய்ச் சேர்ந்தது. கொள்ளை கொடுப்பவன் கையில் காசில்லை என்றால் அவனுக்கு வட்டிக்குக் கொடுத்துக் கொள்ளையை முடித்துக்கொள்ளும் விந்தை அங்கே நடந்தது.

இதைப் பழிவாங்கல் என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். நம்பிக்கையான பழைய வெள்ளியைப் புழக்கத்திலிருந்து உறிஞ்சி எடுத்தால்தான் அந்த இடத்தில் புதிய தாளை நிரப்ப முடியும். காணிக்கை, வாழைமர நோட்டுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது.

அச்சகமே வரி அலுவலகம்

ஓர் அரசு செலவு செய்ய மூன்று வழி உண்டு: வரி போடலாம், கடன் வாங்கலாம், அச்சடிக்கலாம். மலாயாவில் வரி போட எதுவும் மிச்சமில்லை. அந்த நாடு ரப்பரையும் ஈயத்தையும் உலகத்துக்கு விற்று, தான் சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிப் பிழைத்த நாடு. போர் வந்ததும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் வாங்குவதை நிறுத்தின. ஜப்பானுக்கோ அத்தனை ரப்பர் தேவைப்படவில்லை. அரிசி ஏற்றிவரக் கப்பலும் இல்லை. இருந்த கப்பல்களை நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஆகவே அச்சகம்தான் கதி. 1943 ஏப்ரலிலிருந்து ‘தெற்கு வட்டார வளர்ச்சி வங்கி’ என்ற அமைப்பு நோட்டு வெளியிடும் பொறுப்பை ஏற்றது. பெயரில் வளர்ச்சி இருந்தது. வளர்ந்தது நோட்டு ஒன்றுதான்.

விலை ஏறுவதை இராணுவமும் பார்க்காமல் இல்லை. விலைக்கட்டுப்பாடு போட்டார்கள், சரக்கு கள்ளச்சந்தைக்குப் போயிற்று. அஞ்சலகச் சேமிப்புக்கு வற்புறுத்தினார்கள். ‘கோனான் சைகென்’ என்ற லாட்டரிச் சீட்டை 1943இல் விற்றார்கள். பொழுதுபோக்குப் பூங்காக்களில் சூதாட்டத்தை அனுமதித்து ஆள் கூட்டினார்கள். வெளியே விட்ட நோட்டில் கொஞ்சமாவது திரும்ப வரட்டும் என்ற கணக்கு. ஒரு கை அள்ளியதைப் பத்துக் கை இறைத்தது.

ஒரு பிக்கல் அரிசி, நம் கணக்கில் சுமார் அறுபது கிலோ, 1941 டிசம்பரில் ஐந்து வெள்ளி. 1945 ஜூனில் ஐயாயிரம் வெள்ளி. அந்த மூன்றரை ஆண்டில் வெளியான நோட்டு 700 முதல் 800 கோடி வெள்ளி இருக்கும் என்பது பின்னாள் மதிப்பீடு. புழக்கத்திலிருந்த பணம் பல பத்து மடங்கு பெருகியது என்றால் அரிசி விலை ஆயிரம் மடங்கு ஏறியது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. பாதிக் காரணம் சரக்கு இல்லாமை. மீதிக் காரணம், 1945இல் எந்தக் கடைக்காரரும் இரவு முடிவதற்குள் நோட்டைக் கைமாற்றிவிடத் துடித்தார். ஜப்பான் தோற்கப்போகிறது என்ற செய்தியை வானொலியில் கேட்டால் கெம்பெய்தாய் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். சந்தையில் பழைய வெள்ளிக்கு எத்தனை வாழைமர நோட்டு கேட்கிறார்கள் என்று பார்த்தால் அதே செய்தி யாரும் சொல்லாமலே தெரிந்தது.

தோட்டத்துக் கணக்கு

ரப்பர் விலைபோகவில்லை என்றால் முதலில் அடி விழுவது பால்மரம் வெட்டுகிறவர்கள் மேல். வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்டார்கள். பல தோட்டங்களில் வேலை இல்லை. வேலை இருந்த இடங்களில் கூலியாகக் கிடைத்தது வாழைமர நோட்டு. நகரத்தில் இருப்பவர் நோட்டு வாங்கிய அன்றே ஒரு பொருளாக மாற்றிக்கொள்ளப் பார்ப்பார். தோட்டத் தொழிலாளிக்குக் கடை தூரம். கையில் பண்டமாற்றுக்குக் கொடுக்கவும் ஒன்றும் கிடையாது. லயத்தைச் சுற்றி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டுத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டார்கள். துணிக்குப் பஞ்சம் வந்து கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். ஊரிலிருந்து கடிதமும் இல்லை, ஊருக்கு மணியார்டரும் இல்லை.

இந்த நேரத்தில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட இராணுவம் ஆள் தேடியது. நல்ல கூலி, சாப்பாடு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் போனார்கள். போனவர் திரும்பாத கதை பரவியதும் யாரும் முன்வரவில்லை. அப்போது தோட்டத்துக்கு லாரி வந்தது. கூலி என்ற சொல்லுக்கு அர்த்தம் இருந்தால் ஆளைச் சேர்க்க லாரியும் துப்பாக்கியும் தேவைப்பட்டிருக்காது. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது காலராவிலும் பட்டினியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் மிகப் பலர். மலேசியத் தமிழர்கள் அதைச் ‘சயாம் மரண ரயில்’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

பணத்தின் மறுமுனையில் இருந்த தமிழர்களையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலும் பினாங்கிலும் ஈப்போவிலும் நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். போருக்கு முன், நிலத்தையும் கடையையும் அடமானமாகப் பிடித்து, உறுதியான வெள்ளியில் கடன் கொடுத்தவர்கள். 1944இல் அதே கடனாளி கட்டுக்கட்டாக வாழைமர நோட்டோடு வருகிறார். ‘செட்டியார், கணக்கை முடிச்சுக்குங்க, பத்திரத்தைக் கொடுங்க’ என்கிறார். இராணுவத்தின் நோட்டை வாங்க மறுப்பது குற்றம். ஒரு வயலின் விலையை வாங்கிக்கொண்டு ஒரு மூட்டை அரிசிகூட வாங்க முடியாத நிலைமை. நகரத்தாருக்கு மட்டுமல்ல, கடன் கொடுத்திருந்த சீனருக்கும் இதே கதி. கடன்பட்டிருந்த சிறு நிலக்காரருக்கோ தலைமுறைக் கடன் ஒரே நாளில் தீர்ந்தது. பணம் சாகும்போது எல்லாரும் தோற்பதில்லை. கடன் வாங்கியவர் பிழைக்கிறார். சேமித்தவரும் கூலிக்காரரும் சாகிறார்கள்.

ஓர் அறிவிப்பு, ஒரு பூஜ்யம்

1945 செப்டம்பர் முதல் வாரத்தில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. வந்த கையோடு இராணுவ நிர்வாகம் சொன்ன சேதி: ஜப்பானிய நோட்டு செல்லாது. பத்துக்கு ஒன்று, நூற்றுக்கு ஒன்று என்ற மாற்று விகிதம் எதுவும் இல்லை. பழைய வெள்ளி செல்லும். 1941ஆம் ஆண்டைத் தாங்கிய புதிய நோட்டுகள் புழக்கத்துக்கு வரும். பெட்டிக்குள் ஆறாம் ஜார்ஜ் தலையைப் பதுக்கி வைத்தவர்கள் அன்று பணக்காரர்கள். மூன்றரை ஆண்டு நேர்மையாக வேலை செய்து வாழைமர நோட்டில் சேமித்தவர்கள் அன்று ஓட்டாண்டிகள்.

இது தவிர்க்க முடியாத முடிவா? பக்கத்து நாட்டைப் பார்த்தால் இல்லை என்று தெரிகிறது. இந்தோனேசியாவிலும் ஜப்பான் இதே மாதிரிக் காகிதத்தைத்தான் கொட்டியிருந்தது. அங்கே விடுதலையை அறிவித்த குடியரசு, கையில் வேறு பணம் இல்லாததால் அந்த நோட்டையே சில காலம் ஓடவிட்டது. 1946 அக்டோபர் 30 அன்று தன் சொந்த ரூப்பியாவை வெளியிட்டபோது, ஜாவாவில் ஐம்பது பழைய நோட்டுக்கு ஒரு புதிய ரூப்பியா என்று மாற்றிக் கொடுத்தது. மிகச் சிறிய தொகைதான். ஆனால் மக்கள் கையிலிருந்த தாளைக் குப்பை என்று சொல்லாத அரசு, அந்த மக்களின் ஆதரவு தனக்கு வேண்டும் என்று நினைத்த அரசு. மலாயாவுக்குத் திரும்பிய பிரிட்டனுக்கு அந்தத் தேவை இல்லை. எதிரி அச்சடித்த தாளுக்குத் தன் பவுண்டு இருப்பிலிருந்து ஒரு பென்னிகூடக் கொடுக்க அது விரும்பவில்லை.

நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. கடைசியாக 1948இல் மலாயாக் கூட்டரசு, ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1943 முடிவதற்குள் வாழைமர நோட்டில் கட்டிய போருக்கு முந்தைய கடன்கள் பொதுவாகத் தீர்ந்தவையே. அதற்குப் பிறகு கட்டிய பெரிய கடன்களுக்கு, நோட்டின் மதிப்பு படிப்படியாக எப்படிச் சரிந்தது என்ற அட்டவணையை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆக, கடன் கொடுத்தவருக்காவது ஒரு சட்டம் வந்தது. கூலியாக வாங்கிய நோட்டைக் கையில் வைத்திருந்தவருக்கு எந்த அட்டவணையும் வரவில்லை.

ஜப்பானிய அரசு கொடுத்த வாக்கு? 1951 சான் ஃபிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் நேச நாடுகள் பெரும்பாலான போர் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டன. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டது பிரிட்டன். சிங்கப்பூரில் படுகொலைப் புதைகுழிகள் வெளிப்பட்டு மக்கள் கொதித்த பிறகு, 1966இல் ஜப்பான் ஐந்து கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பாதி நன்கொடை, பாதி கடன். 1942இல் சீனர்களிடம் கேட்ட காணிக்கையும் அதே ஐந்து கோடிதான். 1967இல் மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி ரிங்கிட் மதிப்பில் இரண்டு கப்பல்கள் கிடைத்தன. நோட்டை வைத்திருந்த தனி மனிதருக்கு எங்கும் எதுவும் இல்லை. ஹாங்காங்கில் ஜப்பானிய இராணுவ யென் வைத்திருந்தவர்கள் 1993இல் டோக்கியோ நீதிமன்றம் வரை போனார்கள். 1999இல் வழக்கு தள்ளுபடியானது.

வாழைமர நோட்டைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் அதைத் தோற்றுப்போன பணம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள் சேமிக்க வேண்டும், கடன் தர வேண்டும், நாளைக்கு நம்பிக்கையோடு இருக்க வேண்டும் என்பதற்காக அடித்த பணமாக இருந்தால் அது தோற்றது. அது அடிக்கப்பட்டதோ ஒரு படை மூன்றரை ஆண்டுக் காலம் அரிசியையும் ஈயத்தையும் கட்டடத்தையும் உழைப்பையும் விலை கொடுத்து வாங்குவதுபோலக் காட்டிக்கொண்டு எடுத்துக்கொள்வதற்காக. அந்த வேலையை அது கடைசி நாள் வரை பழுதில்லாமல் செய்தது. துப்பாக்கி முனையில் பறித்தால் பறிகொடுத்தவன் எதிரியாவான். நோட்டைக் கொடுத்துப் பறித்தால், தான் விற்றோம் என்று அவனே கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருப்பான். ஒரு நோட்டைப் பார்க்கும்போது அதில் என்ன படம் இருக்கிறது என்பதைவிட, அதை அடித்தவனை யார் கேள்வி கேட்க முடியும் என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி. மலாயாவில் கேட்க ஒருவரும் இல்லை.

(அடுத்த வாரம்: பர்மா. இதே ஜப்பானிய நோட்டு ரூபாய் வேடத்தில் புழங்கிய நாடு. 1964இல் ஒருமுறையும் 1987இல் இன்னொருமுறையும் தன் மக்களின் பணத்தைத் தானே செல்லாமல் ஆக்கி, 45 கியாட், 90 கியாட் என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகளை வெளியிட்ட நே வின் ஆட்சியின் கதை.)